புல் வெட்டும் பிள்ளைக்கும் செக்ரோல் வேண்டும்

(தோட்டக் கிளை இளைஞர் பிரிவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கிளைக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

இளைஞர் பிரிவினர் எங்களுக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "படிக்கும் வயதில் புல் வெட்டும் தொழில் தொடங்குவது எப்படி?" என்பது. இதைக் கேட்டதும் பெரியவர்கள் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். "சங்க மேடையில் வியாபாரப் பேச்சா? கிராணிக்கும் புல்லுக்கும் என்ன உறவு?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறோம்.

கிராணியின் வேலை என்ன? காலையில் பெரட்டுக் களத்தில் யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்ப்பது. யார் எத்தனை மரம் வெட்டினார், எத்தனை கிலோ பால் கொண்டுவந்தார் என்று எழுதுவது. செக்ரோலில் பெயர் விழுந்தால்தான் கூலி. பெயர் விழவில்லையென்றால், அவர் வியர்வை மண்ணில் விழுந்ததற்குச் சாட்சியே கிடையாது. சங்கத்தின் வேலையும் அதைச் சுற்றியதுதான். உழைத்தவன் பெயர் ஏட்டில் ஏற வேண்டும். ஏறிய பெயருக்கு உரிய கூலி வந்து சேர வேண்டும். எனவே நம் பிள்ளைகள் எங்கே வேலை செய்கிறார்களோ, அங்கெல்லாம் சங்கத்துக்கும் வேலை உண்டு. தோட்டத்துக்குள் வெட்டினாலும் தாமானில் வெட்டினாலும் வெட்டுகிற கை நம் பிள்ளையின் கைதான்.

இன்னொரு காரணமும் உண்டு. அது எங்கள் தவறு. அதையும் இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்ளப் போகிறோம்.

நம் கைக்குத் தெரிந்த வேலை

தோழர்களே! புல்லோடு நமக்கு உள்ள பழக்கம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. இந்த நாட்டில் ரப்பர் போட்ட முதல் தலைமுறைத் துரைமார்கள், மரத்தடியில் ஒரு புல் கூட இருக்கக் கூடாது என்று சுரண்டச் சொன்னார்கள். நம் பாட்டன்மார் சுரண்டினார்கள். மழை வந்து மேல்மண்ணை அடித்துக்கொண்டு போயிற்று. மண் போன பிறகே அறிவு வந்தது. மூடுபயிர்க் கொடிகளை வளர்த்து மண்ணைக் காக்கத் தொடங்கினார்கள். மண் தரையை வெறுமையாக்காதே என்ற பாடத்தை நம்மவர்கள் முதுகு வளைந்து கற்றிருக்கிறார்கள்.

இன்று பல இடங்களில் பால்மரம் நின்ற நிலத்தில் வீடுகள் நிற்கின்றன. தோட்டம் துண்டாடப்பட்டது, தாமான் எழுந்தது. வீட்டுக்கு முன்னே பத்தடிப் புல்தரை, மூலை வீடென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். வீட்டுக்காரர் காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறார். புல்லோ அவருக்காகக் காத்திருப்பதில்லை. குளிர் நாடுகளில் பனிக் காலத்தில் புல் தூங்கும். நம் நாட்டில் பன்னிரண்டு மாதமும் அது வளர்ந்துகொண்டே இருக்கும்.

பால்வெட்டுக்கு மழை பகை. காலையில் மழை பிடித்தால் மரம் நனையும், வேலை நிற்கும், அடுப்பும் யோசித்துத்தான் எரியும். புல்லுக்கோ மழை உறவு. பெய்யப் பெய்ய வளரும். ஆகவே நம் பிள்ளை ஒருவன், "தாமானில் புல் வெட்டி நாலு காசு பார்க்கலாமே" என்று நினைத்தால், அவன் நினைப்பில் குற்றமில்லை. சுயமாக ஒரு தொழில் தொடங்கும் துணிவை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் துணிவு ஒரு கால். கணக்கு இன்னொரு கால். ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் நடக்க முடியும்?

ஒரு தம்பியின் கதை

நமக்குத் தெரிந்த தம்பி ஒருவன். பெயர் வேண்டாம். பதினாறு வயது, படிவம் நான்கில் படிக்கிறான். தகப்பனார் பால்வெட்டு, தாயார் முன்பு களை வேலை செய்தவர், இப்போது வீட்டில் இருக்கிறார். தம்பி 480 வெள்ளிக்குப் பழைய புல் மிஷின் ஒன்றை வாங்கினான். மோட்டார் சைக்கிள் உரிமம் 16 வயதில் எடுக்கலாம் அல்லவா? அதையும் எடுத்தான். தாமானில் 12 வீடுகள் பிடித்தான். வீட்டுக்கு மாதம் இரண்டு முறை, ஒரு முறைக்கு 25 வெள்ளி. மாதம் 600 வெள்ளி!

செய்தி லயம் முழுவதும் பரவிற்று. கிளைக் கூட்டத்தில் நாங்கள் அவனை எழுந்து நிற்கச் சொன்னோம். "இவனைப் பாருங்கள், இவன்தான் நாளைய தோட்டப் பிள்ளைக்கு எடுத்துக்காட்டு" என்று பாராட்டினோம். கைதட்டினோம். ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை: "தம்பி, வெட்டிய புல்லை வாரி மூட்டை கட்டுவது யார்?"

தாயார்தான். மகன் முன்னே வெட்டிக்கொண்டு போக, அவர் பின்னே விளக்குமாறும் சாக்குமாகப் போனார். சில மாதத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. அவருக்குப் பதிலாக அடுத்த லயத்துச் சிறுவன் ஒருவனைத் தம்பி சேர்த்துக்கொண்டான். வயது பதினான்கு. ஒரு வீட்டுக்குப் பத்து வெள்ளி என்று பேச்சு. அந்தச் சிறுவனுக்குச் சந்தோஷம். பத்து வெள்ளி அவனுக்குப் பெரிய பணம்.

மூன்றாம் ஞாயிறு அன்று, மிஷினின் இரும்புத் தகடு புல்லுக்குள் கிடந்த கல்லொன்றைத் தட்டிவிட்டது. கல் பறந்து, குனிந்து வாரிக்கொண்டிருந்த சிறுவனின் புருவத்தைக் கிழித்தது. ஒரு விரல் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். தையல் போட்டுக்கொண்டு வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் தகப்பன் தம்பியின் வீட்டு வாசலில் வந்து நின்றார். சண்டை போடவில்லை, குரலும் உயர்த்தவில்லை. "தம்பி, என் மவன் யாருகிட்ட வேலை செஞ்சான்? முதலாளி யாரு?" என்று மட்டும் கேட்டார்.

தம்பியிடம் பதில் இல்லை. அவனைக் கைதட்டி நிறுத்தி வைத்த எங்களிடமும் இல்லை. தோழர்களே, நாங்கள் ஒப்புக்கொள்ளவேண்டிய தவறு இதுதான். ஒரு பிள்ளை சம்பாதிக்கிறான் என்றதும் மகிழ்ந்துவிட்டோம். யார் உழைத்தார், எந்த நிலையில் உழைத்தார் என்று கேட்பதற்காகவே பிறந்த சங்கம், அன்று அதைக் கேட்க மறந்துவிட்டது.

நோட்டைத் திறந்தோம்

அன்றிரவு தம்பி நோட்டுப் புத்தகத்தோடு எங்களிடம் வந்தான். "மணிக்குப் பன்னிரண்டரை வெள்ளி சம்பாதிக்கிறேன், நான் யாரை ஏமாத்தினேன்?" என்று கண் கலங்கினான். மாதம் 24 முறை வெட்டு. ஒரு முறைக்குப் போக வர இரண்டு மணி நேரம். ஆக 48 மணி. 600 வெள்ளியை 48-ஆல் வகுத்திருந்தான். வகுத்தல் சரி. எழுதாமல் விட்டவைதான் தவறு.

அந்தச் சிறுவன் சேருவதற்கு முந்திய மாதத்தை எடுத்து, தோட்டத்து செக்ரோல் மாதிரியே கோடு போட்டோம். கணக்கு விளங்குவதற்காக முழு எண்களாகச் சொல்கிறோம், கவனியுங்கள்.

மிஷினுக்குப் பெட்ரோலும் எண்ணெயும் 70 வெள்ளி. நைலான் கயிறு 30. பிளக், சில்லறை ரிப்பேர் 20. மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் 40. மிஷின் சாகும், தோழர்களே! 480 வெள்ளி மிஷின் ஓராண்டு உழைக்கும் என்று வைத்தால் மாதத்துக்கு 40 வெள்ளி அது தேய்கிறது. மொத்தம் 200. ஆக, மிச்சம் 400 வெள்ளி.

அடுத்து, வேலை செய்தவர்களின் பெயரை எழுதச் சொன்னோம். தன் பெயரை எழுதினான். பேனாவை வைத்துவிட்டான்.

"அம்மா பேரு எங்கேப்பா?"

"அம்மா சும்மா கூட வந்தாங்க, அண்ணே."

அந்தச் 'சும்மா' என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்கு நெஞ்சு உறைத்தது. ஏனென்றால் அது நம் தோட்டத்தின் பழைய சொல். தகப்பன் பெயருக்குத்தான் மரம் கொடுப்பார்கள். விடியுமுன் தாய் போய் மங்கு துடைப்பாள். பிள்ளைகள் ஒட்டுப்பால் பொறுக்குவார்கள். எல்லோரும் 'சும்மா' கூடப் போனவர்கள்! நாலு பேர் உழைப்பு, ஒரு பெயருக்குக் கூலி. அதை எதிர்த்துப் பேசிய நம் வீட்டுக்குள்ளேயே, நம் பிள்ளையின் நோட்டிலேயே, அது திரும்பவும் முளைத்துவிட்டது.

தாயாரின் பெயரையும் எழுதினான். அவருக்கும் 48 மணி. இருவருக்குமாக 96 மணி. 400 வெள்ளியை 96-ஆல் வகுத்தான். 4 வெள்ளி 16 காசு!

இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில் மாதம் 1,700 வெள்ளியாக்கப்பட்டது. மணிக் கணக்கில் அது 8 வெள்ளி 72 காசு. நம் தம்பி தனக்கும் தன்னைப் பெற்றவளுக்கும் கொடுத்தது ஏறக்குறைய அதில் பாதிதான். பிற முதலாளி இப்படிக் கொடுத்திருந்தால் நாம் கொடி பிடித்திருப்போம். தம்பியே முதலாளி, தம்பியே தொழிலாளி என்றால் யாரிடம் கொடி பிடிப்பது?

இளைஞர்களே, இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்த செய்தி இந்த ஒன்றுதான். சுயதொழில் தொடங்குகிறவன் முதல் நாளிலிருந்தே ஒரு முதலாளி. அவனிடம் வேலை செய்யும் முதல் தொழிலாளி அவனேதான். இரண்டாவது தொழிலாளி அவன் வீட்டார். அந்தத் தொழிலாளிகளின் பெயர் ஏட்டில் ஏறாத வரையில், வருவது இலாபமன்று. வீட்டாரின் உடம்பை விற்ற காசு.

சட்டம் என்ன சொல்கிறது?

இனி, தொடங்க விரும்புவோர் தெரிந்துகொள்ளவேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது வயது. பிள்ளைகள், இளையோர் வேலைச் சட்டம் 1966-இல் வந்தது. 15 வயதுக்கு உட்பட்டவர் அதில் பிள்ளை; 15 முதல் 18 நிரம்பும் வரை இளையோர். பிள்ளைகள் குடும்பத் தொழிலில் இலேசான வேலை செய்யலாம். பிறரிடம் கூலிக்குப் போய்க் கடுமையான வேலை செய்யலாகாது. இளையோர் இரவு 8 மணிக்கு மேல் காலை 6 மணி வரை வேலை செய்யக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும். பள்ளிக்குப் போகிறவரானால், பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து ஒரு நாளில் 8 மணியைத் தாண்டக் கூடாது. அபாயமான வேலையில் 18 வயது நிரம்பாதவரை அமர்த்துவதையும் சட்டம் தடுக்கிறது. 14 வயதுச் சிறுவனைப் பறக்கும் கல்லின் எதிரே நிறுத்தியது எவ்வளவு பெரிய பிழை என்று இப்போது விளங்குகிறதல்லவா?

இரண்டாவது பதிவு. தொழில் பதிவுச் சட்டம் 1956-இலிருந்து இருக்கிறது. தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் பதிய வேண்டும். பதிகிறவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி. கடைப்பெயர் ஒன்று வைத்தால் 60 வெள்ளி. 18 வயது நிரம்பாதவர் செய்யும் வியாபார ஒப்பந்தம் பொதுவாகச் சட்டத்தின் முன் நிற்காது. வீட்டுக்காரர் பணம் தராமல் இழுத்தடித்தால் வழக்காட வழியிருக்காது. ஆகவே தாயோ தகப்பனோ பெயரில் பதிந்து, பிள்ளை குடும்பத் தொழிலில் உதவுவதே நேர்மையான வழி.

மூன்றாவது காப்பு. தோட்டத்தில் அடிபட்டால் சொக்சோ உண்டு. தானே தொழில் செய்பவருக்கு யார் உண்டு? 2017-இல் சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் பல தொழில்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. ஆண்டுச் சந்தா கட்டினால் வேலையில் ஏற்படும் காயத்துக்கு அது துணை நிற்கும். 1951-இலிருந்து நாம் அறிந்த ஊழியர் சேமநிதியிலும் சுயதொழிலாளி விருப்பச் சந்தா கட்டலாம். தோட்டத்துச் சம்பளச் சீட்டில் பிடித்தம் பார்த்து முணுமுணுத்தவர்கள், பிடிக்க ஆளில்லாதபோதுதான் அதன் அருமையை உணர்கிறார்கள்.

மிஷினும் மருந்தும்

தொழில் நுணுக்கத்துக்கு வருவோம். வெட்டத் தொடங்குமுன் தரையைக் காலால் நடந்து பார்க்க வேண்டும். கல், கம்பி, போத்தல் துண்டு எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. ஒரு கண்ணின் விலை. தாமானுக்குள் இரும்புத் தகடு வேண்டாம். நைலான் கயிறே போதும். கயிறும் கல்லை எறியும் என்பதை மறக்க வேண்டாம். கண்ணாடி, பூட்ஸ், நீளக் கால்சட்டை, காதடைப்பு இல்லாமல் மிஷினைத் தொடலாகாது. மிஷின் ஓடும்போது சுற்றிப் பதினைந்து மீட்டருக்குள் எவரும் நிற்கக் கூடாது. வாருகிறவர் மிஷின் நின்ற பிறகே வர வேண்டும். அந்த ஞாயிறு இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்திருந்தால் அந்தப் பிள்ளைக்குத் தையல் இல்லை. மிஷின் பெரியவர் கையிலும் வாருகிற வேலை, வீடு பிடிக்கிற வேலை, கணக்கு எழுதுகிற வேலை இளையவர் கையிலும் இருப்பதே முறை.

புல்லை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரேயடியாக வெட்டக் கூடாது. மொட்டையடித்தால் வெயிலில் காய்ந்து திட்டுத் திட்டாக மண் தெரியும். வீட்டுக்காரர் மறுமுறை கூப்பிடமாட்டார். ஈரப் புல்லை வெட்டினால் கட்டி கட்டியாக ஒட்டும், காலும் வழுக்கும். பிற்பகல் மழைக் காலங்களில் காலை வேளையே நல்லது. பள்ளிப் பிள்ளைக்குக் காலை என்றால் சனி ஞாயிறு மட்டும்தான் என்பதையும் சேர்த்து எண்ணிக்கொண்டு வீடு பிடியுங்கள். வாரிய புல்லைச் சாக்கடையில் தள்ளாதீர்கள். அது தண்ணீரை அடைத்தால் கொசு பெருகும்; பழி உங்களைத்தான் சேரும்.

லாலாங் முளைத்த தரையைப் பார்த்தால் சிலர், "மருந்து அடித்துவிடு, வேலை மிச்சம்" என்பார்கள். தாய்மார்களே, இதை உங்கள் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லுங்கள். லாலாங்கின் உயிர் மண்ணுக்கடியில் ஓடும் கிழங்கில் இருப்பதால் தலையை வெட்டினால் அது சாகாது என்பது உண்மைதான். அதற்காகவே முற்காலத்தில் தோட்டங்களில் ஆர்சனிக் கலந்த விஷ மருந்தை அடித்தார்கள். பிற்பாடு பாரகுவாட் வந்தது. தோம்பைத் தோளில் சுமந்து அடித்தவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர்! நகம் கறுத்ததையும் மூக்கில் இரத்தம் வந்ததையும் நாம் பார்க்கவில்லையா? 2002-இல் தடை அறிவித்தார்கள். 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முற்றாகத் தடை. நம் தாய்மார் மூச்சில் வாங்கிய நஞ்சை, குழந்தைகள் விளையாடும் வீட்டு முற்றத்தில் நம் பிள்ளைகள் அடிக்க வேண்டாம். லாலாங்கை மண்வெட்டியால் கிழங்கோடு தோண்டி எடுங்கள். அதற்கு நேரம் கூடுதல் என்றால் கூலியும் கூடுதலாகக் கேளுங்கள்.

கங்காணி எந்த உருவிலும் வருவான்

இன்னொரு எச்சரிக்கை. பிள்ளைகள் புல் வெட்டுவதைப் பார்த்ததும் பெரிய காண்டிராக்டர்கள் சிலர் வருவார்கள். "மிஷின் நான் தருகிறேன், கையில் காசு வேண்டாம், மாதா மாதம் கழித்துக்கொள்கிறேன்" என்பார்கள். இனிக்கும் பேச்சு. ஆனால் இந்த நாட்டுக்கு நம் முன்னோர் வந்ததே முன்பணத்தால்தான். கப்பல் செலவு, வழிச் செலவு என்று கடனாக எழுதி, அந்தக் கடனாலேயே கட்டி வைத்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி ஆள் சேர்ப்பது 1938-இல் முடிந்தது. பெயர்கள் போயின, முன்பணம் கொடுத்து ஆளைப் பிடிக்கும் வித்தை போகவில்லை. மிஷின் கடன் என்பதும் அந்தச் சங்கிலியின் புதிய கண்ணிதான். கழிவு எவ்வளவு, எத்தனை மாதம், மிஷின் கடைசியில் யாருக்கு என்று எழுத்தில் தராதவரிடம் கை நீட்டாதீர்கள்.

அதைவிடப் பெரிய அபாயம், நாமே கங்காணியாகிவிடுவது. 25 வெள்ளிக்கு வீடு பேசி, பத்து வெள்ளிக்கு ஒரு சிறுவனை விட்டு வெட்டச் சொல்லி, 15 வெள்ளியைப் பையில் போட்டுக்கொள்வது எளிது. அதைச் 'சாமர்த்தியம்' என்று உலகம் சொல்லும். சங்கத்துப் பிள்ளை அப்படிச் சொல்லலாமா?

வேறு வழி இல்லையா? உண்டு. 1950-களில் தோட்டங்கள் துண்டு போடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்றபோது, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கூலிக்காரர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. தோட்டம் வாங்கிய மக்களின் பேரப்பிள்ளைகள் ஒரு புல் மிஷினைக் கூட்டாக வாங்க முடியாதா? ஐந்து குடும்பங்கள் சேருங்கள். ஆளுக்குச் சமப் பங்கு. தெருக்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே விலை வையுங்கள். ஒருவன் வீட்டை இன்னொருவன் ஐந்து வெள்ளி குறைத்துப் பிடிக்காதீர்கள். விலை குறைப்புப் போட்டியில் ஜெயிப்பவன் எவனும் இல்லை, வீட்டுக்காரரைத் தவிர.

தம்பி என்ன செய்தான்?

கதையை முடித்துவிடுகிறோம். தம்பியும் தகப்பனாரும் முதலில் அந்தச் சிறுவனின் வீட்டுக்குப் போனார்கள். மருத்துவச் செலவைக் கொடுத்தார்கள். வேலை செய்த நாட்களுக்குச் சரியான கூலி கணக்கிட்டு, குறைந்ததையும் கொடுத்தார்கள். மன்னிப்பும் கேட்டார்கள்.

பிறகு வீட்டுக்காரர்களிடம் நோட்டைக் காட்டி, ஒரு முறைக்கு 40 வெள்ளி என்றான். தூரத்திலிருந்த மூன்று வீட்டை அவனே விட்டான். இரண்டு வீட்டுக்காரர் முடியாது என்றார்கள். ஏழு மிஞ்சின. அதே தெருவில் மூன்று புது வீடு கிடைத்தது. பத்து வீடு, மாதம் 20 வெட்டு, 800 வெள்ளி. அலைச்சல் குறைந்ததால் செலவு 160-க்கு இறங்கிற்று. மிச்சம் 640. பால்வெட்டு முடிந்து வந்து, ஓய்வு நாளிலும், தகப்பனாரே மிஷினைத் தோளில் மாட்டுகிறார். வாருவதற்குத் தம்பியும் தாயாரும் முறை போட்டுக்கொள்கிறார்கள். இருவர் சேர்ந்து ஒரு வீட்டுக்கு ஒன்றரை மணி. மாதம் 60 மணி. மணிக்குப் பத்து வெள்ளி என்று அவரவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தது போக 40 வெள்ளி அடுத்த மிஷினுக்குச் சேமிப்பு. நோட்டில் இப்போது மூன்று பெயர் இருக்கிறது. பள்ளியில் விடுபட்டுக்கொண்டிருந்த நாட்களும் நின்றுவிட்டன.

முன்பு அவன் வாயால் சொன்ன 600 வெள்ளியைவிட இது பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் இந்தப் பணத்தில் யாருடைய முதுகும் மறைந்து கிடக்கவில்லை.

தொழிலை யார் பெயரில் பதிவது என்ற கேள்வி வந்தது. தகப்பனார் யோசித்தார். தம்பிதான், "அம்மா பேருல போடுங்க" என்றான். முதல் மாதக் கூலியை நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கியபோது, அந்தத் தாயார் எங்களிடம் கேட்டது இதுதான்: "ஐயா, நெசமாவே இது எனக்கா?"

முப்பது ஆண்டு களை வெட்டிய கை அது.

இளைஞர்களே! தொழில் தொடங்குங்கள். பள்ளியை விடாமல் தொடங்குங்கள். பெரியவரைச் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள். மிஷின் வாங்குமுன் ஒரு வெள்ளிக்கு நோட்டு வாங்குங்கள். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் கோடு போட்டுக் கணக்கு எழுதக் கற்றுக் கொடுக்கிறோம். வரும்போது தனியாக வராதீர்கள். உங்கள் வேலையில் யார் 'சும்மா' கூட வருகிறாரோ, அவரையும் அழைத்து வாருங்கள். முதல் வரியில் அவர் பெயரை எழுதுவோம்.